அரக்கு வைத்த கவர்

சேசு மரி சூசை
லீட்ஸ், 12 அக்டோபர் 1958

பிரியமுள்ள மௌரீன் அப்பாவுக்கு,

சர்வேசுரன் கிருபையில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் உடம்பும் குழந்தை உடம்பும் எப்படி? உங்கள் அக்கா கேத்தரினின் முழங்கால் வலி குறைந்ததா?

கப்பலிலிருந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. பெங்களூரில் ஆறு வருஷம் வெள்ளைத் தொப்பி வைத்து வார்டை நடத்தியவளுக்கு இங்கே பழுப்புக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஊசி போடக் கூடாது, மருந்து அலமாரிச் சாவியைத் தொடக் கூடாது. பெட்பேன் எடுக்கலாம், படுக்கை விரிக்கலாம், பூச்சாடியில் தண்ணீர் மாற்றலாம். நேற்று பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி எனக்கு தெர்மாமீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

இங்கத்து மேட்ரன் அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். லண்டன் கவுன்சிலில் என் பேரைப் பதிந்தால்தான் நான் நர்ஸ். அதற்கு நான் படித்த ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி ரிகார்டு போக வேண்டும். எந்த வார்டில் எத்தனை வாரம், எத்தனை பிரசவம், எத்தனை பாடம் என்று எல்லாம் அதில் இருக்கும். முத்திரை உடையாமல் நேராக லண்டனுக்குப் போக வேண்டும். என் கை பட்டால் செல்லாது. வருகிற செப்டம்பர் கடைசிவரை கெடு. அதற்குள் பதியாவிட்டால் முதல் வருஷ மாணவியாக மூன்று வருஷம் மறுபடியும் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். பதிந்துவிட்டால் ஆஸ்பத்திரியே வீடு கொடுக்கும். நீங்களும் மௌரீனும் வந்துவிடலாம்.

நீங்கள் ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போய் ஹெட் கிளார்க் சீனிவாசராகவன் சாரைப் பாருங்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுத் தபாலுக்கு ஆபீசில் ஸ்டாம்ப் கிடையாது. கவரை ஒட்டி, அரக்கு வைத்து, வீட்டு மனிதர் கையில் கொடுப்பார். நாம் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினால் தன் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வார். ஒரு நாள் வேலைதான். கணக்கு வாத்தியாருக்கு இது பெரிய கணக்கா?

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். மௌரீனிடம் காட்டி, அம்மா எது என்று கேளுங்கள்.

உங்கள் பிரிஜெட்


ஜோகுபாளையம், பெங்களூர்
9 நவம்பர் 1958

பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு ஆம்ப்ரோஸ் எழுதுவது.

இங்கே எல்லோரும் தேவகிருபையால் சுகம். அக்காவின் முழங்கால் மழைக்கு முன்னால் சொல்கிறது, மழை நின்ற பிறகும் சொல்கிறது. மௌரீனுக்கு ஒரு பல் விழுந்தது. அதை அம்மாவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் சீனிவாசராகவன் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரப்படாதேள் மாஸ்டர். ஃபைலைத் தேடணும், மேட்ரன் கையெழுத்து வாங்கணும். ஆமேலே நோடோணா" என்றார். பிறகு பார்க்கலாம் என்பதை அந்த மனிதர் கன்னடத்தில் சொன்னால் அது எப்போது என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அவர் முகம் பிடிக்கவில்லை. இருந்தாலும் விட மாட்டேன்.

போட்டோ வந்தது. மௌரீன் உன்னைக் கண்டுபிடித்துவிட்டாள். உன் இடது பக்கம் கோட்டும் தொப்பியுமாக நிற்பவர் யார் என்று அக்கா கேட்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை. அவள்தான் கேட்கிறாள்.

குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டுக்கொள்.

ஆம்ப்ரோஸ்


ஜோகுபாளையம்
6 டிசம்பர் 1958

பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல். கிறிஸ்துமஸ் நெரிசலில் மௌரீன் செய்த வாழ்த்து அட்டை தொலைந்துவிடக் கூடாது என்று இந்தக் கடிதத்தை ரிஜிஸ்தர் செய்து அனுப்புகிறேன். அட்டையில் இருப்பது மாட்டுத் தொழுவம். வலது மூலையில் இருப்பது ஒட்டகம் அல்ல, நான்.

உன் காரியத்தில் ஒரு மாறுதல். கவரை வீட்டு மனிதர் கையில் கொடுக்கும் வழக்கத்தை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்களாம். ஆபீசே நேராக லண்டனுக்கு அனுப்புமாம். "நாங்க பார்த்துக்கறோம்" என்று சீனிவாசராகவன் சொல்லிவிட்டார். இனி நம் கையில் ஒன்றும் இல்லை. நீ நிம்மதியாகப் பண்டிகை கொண்டாடு.

அந்தக் கோட்டுக்காரரைப் பற்றி நீ எழுதவில்லை.

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை
லீட்ஸ், 8 பிப்ரவரி 1959

பிரியமுள்ள மௌரீன் அப்பாவுக்கு,

நான் சுகம். கையில் வெடிப்பு மட்டும் இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது தடவை தண்ணீரில் வைக்கிறேன். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் தினமும் ஜெபம் பண்ணுகிறேன். மௌரீனின் அட்டை தலைமாட்டில் இருக்கிறது. அதை ரிஜிஸ்தரில் அனுப்புவானேன்? தபால்காரன் கையெழுத்து வாங்க வந்தபோது யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. ரிகார்டு வரவில்லை என்கிறார்கள். டிசம்பரில் அனுப்பியது பிப்ரவரி வரைக்கும் எங்கே போகும்? ஆபீஸ் நேராக அனுப்புகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி நூல்கண்டு வாங்கவே மூன்று கையெழுத்து கேட்கிற இடம். சீனிவாசராகவன் சார் உங்களுக்குக் காது குத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் யாரோ அவரிடம் எதையோ சொல்லியிருக்கிறார்கள். நான் வெளிநாடு போனது அங்கே எத்தனை பேருக்கு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். நேரில் போய், அனுப்பிய தேதி என்ன, ரசீது எங்கே என்று கேளுங்கள்.

அந்தக் கோட்டுக்காரர் இங்கே பிணவறை வண்டி தள்ளுகிறவர். வயது அறுபத்திரண்டு. அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிரிஜெட்


ஜோகுபாளையம்
14 மார்ச் 1959

பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு,

இங்கே சுகம். உன் கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. இந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் கட்டு கட்டாக வந்து சேர்ந்திருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். சீனிவாசராகவன் அனுப்பியாயிற்று என்று சாதிக்கிறார். ரசீதைக் காட்டுங்கள் என்றால் ஆபீஸ் புத்தகத்தை வெளி ஆளுக்குக் காட்டக் கூடாதாம். அவர் தம்பி மகளும் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாளாம். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் உனக்கே விளங்கும். இன்னொரு பிரதி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அனுப்புவாரா என்பது சந்தேகம்தான்.

இதையும் ரிஜிஸ்தரில்தான் அனுப்புகிறேன். இப்போது தபால் நிறையத் தொலைகிறது. மௌரீன் உனக்காக ஒரு படம் வரைந்திருக்கிறாள். பிறந்தநாள் கேக் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பது என் டிரங்குப் பெட்டி. ஏன் போட்டாள் என்று தெரியவில்லை.

பிரிஜெட், ஒன்று சொல்கிறேன். நடக்கிறது நடக்கட்டும். கெடுவுக்குள் ஆகாவிட்டால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இங்கே உனக்கு வீடு இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

ஆம்ப்ரோஸ்


லீட்ஸ், 3 மே 1959

மௌரீன் அப்பாவுக்கு,

சுகம். உங்கள் எல்லோர் சுகமும் அறிய வேண்டும். மௌரீனின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வேலைக்குப் போகும்போதும் பார்க்கிறேன், வந்த பிறகும் பார்க்கிறேன். நன்றாகவே வரைந்திருக்கிறாள். அது என்ன என்று அவளைக் கேட்டு எழுதுங்கள். நீங்களாக நினைத்து எழுத வேண்டாம்.

கவுன்சில் இரண்டாவது தடவையும் இல்லை என்று எழுதிவிட்டது. இங்கத்து மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "நீ நிஜமாகவே பயிற்சி முடித்தாயா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, இரக்கமாகத்தான் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்னும் ஐந்து மாதத்தில் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கவர் எப்போதாவது உங்கள் கைக்கு வந்ததா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பிரிஜெட்


ஜோகுபாளையம்
7 ஜூன் 1959

பிரிஜெட்டுக்கு,

நாங்கள் சுகம். அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டது.

உன் கடிதத்தைப் படித்துச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டின புருஷனைக் கூண்டில் ஏற்றிக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். அந்த ஆபீசில் எப்படி நடக்கிறது என்று முன்பே விளக்கமாக எழுதிவிட்டேன். திரும்பத் திரும்ப எழுத என்ன இருக்கிறது? முப்பது வருஷமாக ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கிற அந்த சீனிவாசராகவனை நம்புகிறாய், என்னை நம்பவில்லை. இது எங்கேயிருந்து வந்த புத்தி?

நீ கேட்டாய், நானும் கேட்கிறேன். போட்டோவில் நிற்கிறவர் பிணவறை வண்டிக்காரர், சரி. எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, போட்டோ எடுத்தது யார்?

படம் கேக்தான் என்று மௌரீன் சொல்கிறாள்.

மூன்று வருஷம் மறுபடி படிக்கிறேன் என்று மட்டும் முடிவு எடுத்துவிடாதே. மௌரீனுக்கு ஒன்பது வயசு ஆகிவிடும். அவளுக்கு இப்போதே உன் குரல் மறந்துகொண்டிருக்கிறது.

ஆம்ப்ரோஸ்


பெங்களூர்
11 ஜூலை 1959

ஸ்ரீமதி பிரிஜெட் அம்மாளுக்கு சீனிவாசராகவன் அனேக ஆசீர்வாதம்.

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை அடிக்கடி தெரிவிக்கவும்.

தாங்கள் மே 24ஆம் தேதி எழுதிய கடிதமும், ஸ்டாம்புக்கென்று அனுப்பிய பதில் தபால் கூப்பன்களும் வந்து சேர்ந்தன. கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நர்ஸின் ரிகார்டையும் நான் நிறுத்தி வைத்ததில்லை. என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டிவந்ததே என்று வருத்தப்பட்டேன். ஆனால் கேட்டது நியாயம். கேட்காமல் மனதில் வைத்திருந்தால்தான் தப்பு.

எங்கள் வழக்கம் எதுவும் மாறவில்லை. தபால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"5-12-58. லண்டன் கவுன்சிலுக்கு. கவர் ஒன்று. அரக்கு முத்திரை ஐந்து: நாலு மூலையிலும் நடுவிலும். பெற்றுக்கொண்டவர்: ஆம்ப்ரோஸ் மாஸ்டர், கையெழுத்து. 6-12-58. அல்சூர் தபாலாபீஸ் ரசீது 417, இங்கிலாந்து. ஒட்டப்பட்டது."

முதல் கவர் வழியில் தொலைந்துவிட்டதாக மாஸ்டர் மார்ச்சில் வந்து சொன்னார். மேட்ரனிடம் மறுபடி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

"13-3-59. மேற்படி. கவர் ஒன்று. முத்திரை ஐந்து. பெற்றுக்கொண்டவர்: மேற்படியார். 14-3-59. அல்சூர் ரசீது 902, இங்கிலாந்து. ஒட்டப்பட்டது."

தபாலாபீஸ்காரர்கள் ரசீதில் ஊர் பேர் எழுத மாட்டார்கள், தேசத்தின் பேரைத்தான் கிறுக்குவார்கள். ஆகவே இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். என் தம்பிக்குப் பெண் குழந்தையே கிடையாது.

மூன்றாவது கவரை இன்று காலை நானே போஸ்ட் செய்தேன். தாங்கள் நம் ஆஸ்பத்திரிக்கு நல்ல பேர் வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு
சீனிவாசராகவன்


சேசு மரி சூசை
லீட்ஸ், 2 ஆகஸ்ட் 1959

பிரியமுள்ள மௌரீன் அப்பாவுக்கு,

நான் சுகம். அக்கா காய்ச்சலிலிருந்து எழுந்தாரா? மௌரீன் பாட்டுப் பாடுகிறாளா? பள்ளிக்கூடம் திறந்து புது வகுப்பு எப்படி?

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். கோபம் வந்தால் என் பேனா எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாததா? கவுன்சிலில் இன்னும் என் பேர் ஏறவில்லை. கெடுவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மனிதர்களுக்கு மறதி உண்டு. கவர் எங்கேயாவது பெட்டியிலோ பரீட்சைத்தாள் கட்டுக்குள்ளோ கிடந்தாலும் கிடக்கலாம். அப்படி அகப்பட்டால் இப்போதாவது போஸ்ட் செய்துவிடுங்கள். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன் என்று மாதாவின் பேரால் எழுதித் தருகிறேன். நமக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம். உங்களை ஒரு தடவை கேட்காமல் விடுவதற்கு எனக்கு அந்த எட்டு வருஷம் போதும்.

மேட்ரன் கண் பார்வையில் நிற்க வெட்கமாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் பிரிஜெட்


ஜோகுபாளையம்
6 செப்டம்பர் 1959

பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு,

நாங்கள் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னி. அல்சூர் ஏரிப் பக்கம் மழையில் பாதை உடைந்து ஒரு வாரம் தபால் சரியாக நடக்கவில்லை.

நீ சொன்னபடி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், அலமாரியையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தால்தானே அகப்படும்? ஒருமுறையாவது கையில் வந்திருந்தால் நான் ஏன் உன்னிடம் மறைக்கப்போகிறேன்?

நீ இந்த அலைச்சலை விட்டுவிடு. நம் ஊரில் அதே வார்டு உனக்குக் காத்திருக்கிறது. டிசம்பர் கப்பலுக்குச் சீட்டு எடு. கேண்டன்மென்ட் ஸ்டேஷனுக்கு நானும் மௌரீனும் வந்து நிற்கிறோம். தோற்றுப்போய் வந்தாய் என்று ஒருத்தரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஆம்ப்ரோஸ்


லீட்ஸ், 4 அக்டோபர் 1959

மிஸ்டர் ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை மௌரீனுக்கும் அக்காவுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி கவுன்சிலில் என் பேர் ஏறிவிட்டது. அன்று முதல் வெள்ளைத் தொப்பி. மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. ஆகஸ்ட் 2ஆம் தேதி நான் உங்களுக்கு எழுதும்போதே சீனிவாசராகவன் சாரின் கடிதம் என் கையில் இருந்தது. அவர் அனுப்பிய கவர் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிகார்டுக்காக நான் உங்களைக் கேட்கவில்லை. உங்களுக்காகத்தான் கேட்டேன். கதவைத் திறந்து வைத்தேன். நீங்கள் உள்ளே வரவில்லை.

எப்படித் தெரிந்தது என்று யோசிப்பீர்கள். முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவள் மௌரீன். நாலு மூலையிலும் நடுவிலும் சிவப்பு வட்டம் வைத்த கேக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பக்கத்தில் உங்கள் டிரங்குப் பெட்டி, பூட்டோடு. அந்த ஆபீசில் அரக்கு உருக்கும் நாற்றத்தில் நான் நின்றிருக்கிறேன். குழந்தை கண்டதை வரைந்தாள். நீங்கள் கேக் என்று பேர் வைத்தீர்கள். பார்த்த அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் நம்பாமல் இரண்டு மாதம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாரின் கடிதம் வந்தது. ரசீது 417, 902 என்று எழுதியிருந்தார். உங்கள் இரண்டு ரிஜிஸ்தர் கடிதங்களின் உறையை எடுத்துப் பார்த்தேன். மூலையில் ஒட்டிய சீட்டில் அல்சூர் 417. மற்றதில் அல்சூர் 902. எனக்கு எழுதின கடிதத்தின் ரசீதை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, என் கவரைப் பெட்டியில் பூட்டியிருக்கிறீர்கள். குழந்தையின் கிறிஸ்துமஸ் அட்டையை இதற்கு உபயோகித்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நல்ல மனிதர் ஒருவர் மேல், இல்லாத தம்பி மகளைச் சொல்லிப் பழி போட்டீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நம் வீட்டில் ஒருவர் பொய் எழுதினது போதும். உங்களுக்கு இங்கே வரப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஆனால் கேட்டிருப்பேன்.

போட்டோ எடுத்தது மேட்ரன்.

இத்துடன் ஆஸ்பத்திரி கொடுத்த இரண்டு படிவம் இருக்கிறது. ஒன்று மௌரீனுக்கு. தகப்பனார் சம்மதக் கையெழுத்து இல்லாமல் குழந்தைக்கு இங்கே இடம் தர மாட்டார்கள். ஜனவரியில் நம் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இருவர் கப்பல் ஏறுகிறார்கள், அவர்களோடு அவள் வரலாம். மற்றது நீங்கள் குடியிருக்க வருவதானால் போட வேண்டியது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் குழந்தை எனக்கு வேண்டும். அந்தக் கையெழுத்து இப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, உங்கள் தபாலாபீஸும் அதேதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரிஜெட்


பெங்களூர்
5 டிசம்பர் 1959

ஸ்ரீமதி பிரிஜெட் அம்மாளுக்கு சீனிவாசராகவன் அனேக ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம். தாங்கள் ரிஜிஸ்தர் ஆன செய்தி மேட்ரனுக்கு வந்ததும் ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

நேற்று நாலு மணிக்கு மாஸ்டர் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆளே இளைத்திருந்தார். பையிலிருந்து இரண்டு கவரை எடுத்து என் மேஜை மேல் வைத்து, "உங்க கவர் சார்" என்றார். திருப்பிப் பார்த்தேன். பத்து முத்திரையும் உடையாமல் இருந்தன. குழந்தை எட்டிப் பார்த்து, "அப்பா, நான் வரைஞ்சேனே, இதுதான்" என்றாள். மாஸ்டர் அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

"ரெண்டு தடவையும் கவுன்ட்டர் வரைக்கும் உங்க கவர், அவளுக்கு எழுதின கவர்னு ரெண்டோடதான் சார் போனேன். எதை நீட்டறதுன்னு அங்க போனப்புறம்தான் தெரியும். கை அவளுக்கு எழுதினதைத்தான் நீட்டுச்சு. இது போச்சுன்னா புள்ளையும் போயிடும், அவளும் வரமாட்டா. அங்க போனா நான் யாரு சார்? இங்க பதினேழு வருஷமா கணக்கு மாஸ்டர்னு கடைக்காரன்கூட எழுந்து நிக்கறான். அங்க நர்ஸம்மாவோட வீட்டுக்காரன். கெடு முடிஞ்சா வந்துடுவான்னு நெனைச்சேன். வந்தா நல்லா வெச்சுக்கணும்னுதான் நெனைச்சேன். உங்க மேலயும் பழி எழுதினேன் சார்."

"தெரியும் மாஸ்டர்" என்றேன்.

பிறகு படிவங்களைக் காட்டினார். குழந்தையின் படிவம் பேனாவில், எழுத்து குண்டு குண்டாக, கையெழுத்தோடு இருந்தது. அவருடைய படிவத்திலும் எல்லாக் கட்டமும் நிரப்பிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் அத்தனையும் பென்சில். "பென்சில்ல எழுதினது எந்த ஆபீஸ்லயும் செல்லாது மாஸ்டர். மை தரட்டுமா?" என்றேன். "தெரியும் சார். செல்ற மாதிரி எழுத எனக்கு யோக்யதை இல்ல. இது மேலேயே பேனாவால எழுதுன்னு அவ சொன்னா எழுதறேன்" என்றார்.

இரண்டையும் கவரில் போட்டு ஒட்டினார். "நீங்களே போஸ்ட் பண்ணுங்க சார். என் கையில குடுக்காதீங்க" என்றார். எங்கள் ஆபீஸ் தபால் இல்லைதான். இருந்தாலும் அரக்கு வைத்தேன். தபாலாபீஸுக்கு நான் முன்னே நடந்தேன், அவரும் குழந்தையும் பின்னே வந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, வாசல் படியிலேயே நின்றார். ரசீது 338. என் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறேன். கவர் கிடைத்ததும் தாங்கள் இரண்டு வரி எழுதினால் அந்தப் பதிவை முடிப்பேன்.

இன்னொன்று. அரக்கு வைக்கும்போது கவருக்குள் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. தபாலில் ஆட்சேபிப்பார்கள், என்ன அது என்று கேட்டேன். குழந்தையின் ரப்பர் என்றார். பென்சில் எழுத்தை அழிக்க வேண்டுமானால் தாங்களே அழித்துக்கொள்ளலாம் என்று வைத்தாராம். எடை கூடும் மாஸ்டர் என்றேன். இருக்கட்டும் சார் என்றார்.

இப்படிக்கு
சீனிவாசராகவன்